இடது முன்சக்கரம்

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஷோனா தன் அப்பாவின் பழைய பிக்கப்பை மெக்கானிக் ஹோஹெபாவின் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்பா, லாக்லன் டைசார்ட், இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வண்டியின் பின்தட்டில் அவர் கடைசியாக ஏற்றிய வைக்கோலின் துரும்புகள் இன்னும் கிடந்தன.

“ஃபோர் வீல் பிடிக்கல,” என்றாள் இறங்கும்போதே. “காலைல ஆறு மணிக்கு மலைமேல் புல்வெளிக்குப் போனேன். சேத்துல பின்சக்கரம் மட்டும் சுத்துது. முன்னாடி ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது.”

ஹோஹெபாவின் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்துவிட்டது. அவன் அதை விழுங்கினான்.

ஷோனா கவனித்துவிட்டாள். “கேக்க வந்தத கேட்டுடு. ஹப்பத் திருப்பினியான்னுதானே? திருப்பினேன். ரெண்டு பக்கமும். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுக்கோ.”

அவன் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்து வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு இழுவை வேண்டுமென்றால் ஓட்டுகிறவன் கீழே இறங்க வேண்டும். இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் குமிழ் போல ஒரு ஹப் இருக்கும். அதைக் கையால் திருப்பிப் பூட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்து, சின்ன கியரை இழுக்க வேண்டும். இறங்க மறந்தவன் சேற்றில் நிற்பான். மானியோடோட்டோ சமவெளியில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் எவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மறந்திருப்பார்கள். அதனால் யாருடைய வண்டி மாட்டிக்கொண்டாலும் முதல் கேள்வி அதுதான். ஜூலையில் லாக்லனிடமும் ஹோஹெபா அதைத்தான் கேட்டான். கேட்ட விதம்தான் வேறு.

ஜூலை இங்கே நடுக்குளிர்காலம். அன்று இரண்டு நாள் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. லாக்லனுக்கு, ஊர் வாயில் லாக்கிக்கு, எழுபத்துநான்கு வயது. விடிவதற்கு முன்பே மலைமேல் புல்வெளியில் மாட்டிக்கொண்ட ஆடுகளுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனவர், ஓடை இறக்கத்தில் நின்றுவிட்டார். அந்த மலையில் போன் எடுக்கிற ஒரே மேட்டின்மேல் ஏறி நின்று, ஏழரை மணிக்கு ஹோஹெபாவைக் கூப்பிட்டார். பட்டறையில் அப்போது மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹோஹெபா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டான்.

“மாதுவா, ஹப்பத் திருப்பினீங்களா, இல்ல ஆட்டோட காதத் திருப்பினீங்களா?”

மாதுவா என்பது அவன் ஊரில் வயதான ஆண்களைக் கூப்பிடும் சொல். இந்தத் தெற்கத்திய ஸ்காட்டிஷ் வம்சாவளிக் கிழவர்களில் லாக்கிக்கு மட்டும் அப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்.

“திருப்பினேன்ப்பா. ரெண்டு பக்கமும் திருப்பினேன். கிளிக்னு கேட்டுச்சு.”

“அது உங்க முட்டியா இருக்கும்.”

டீ குடித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனில் காற்று மட்டும் கேட்டது. “சரி, மறுபடி பாக்கறேன்,” என்று லாக்கி வைத்துவிட்டார்.

மறுபடி பார்த்தும் ஆகவில்லை. முழங்கால் பனியில் நான்கு கிலோமீட்டர் நடந்து பக்கத்துப் பண்ணைக் கிளைவின் வீட்டுக்குப் போனார். கிளைவ் மாடுகளுக்குத் தீனி போட்டு முடித்துவிட்டு டிராக்டரோடு வந்து சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. கயிறு கட்டுவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, கிளைவ் இரண்டு ஹப்பையும் அவிழ்த்து மறுபடி பூட்டினான். ஏறி உட்கார்ந்து கியரை இழுத்தான். வண்டி தானாகவே மேடேறி வந்து நின்றது.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கிழவர் இறங்கவே மறந்திருக்கிறார். மறந்ததையும் மறந்திருக்கிறார்.

அந்த வாரம்தான் குளம் உறைந்து, ஊரே கர்லிங் ஆடக் கூடியிருந்தது. பனிக்கட்டியின்மேல் கல்லைத் தள்ளி ஆடும் அந்த ஆட்டம் சில வருடங்களில்தான் வாய்க்கும். வாய்த்தால் பண்ணை வேலையெல்லாம் அப்புறம்தான். குளக்கரையில் கதையை நடித்துக் காட்டியது ஹோஹெபா. கிழவர் வண்டியைச் சுற்றி வருவது, தலையைச் சொறிவது, சக்கரத்துக்குக் காதுகொடுத்து “கிளிக்! கேட்டுச்சு!” என்பது. தலையில் தொப்பியைச் சரித்து லாக்கியின் நடையை அப்படியே நடந்தான். ஜனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். லாக்கியும் அங்கேதான் இருந்தார், கையில் கல் ஓடும் பாதையைத் தேய்க்கிற துடைப்பத்தோடு. அவரும் சிரித்தார். எல்லோரையும்விடக் கொஞ்சம் தாமதமாக.

அன்றிலிருந்து அவர் பெயர் ‘கிளிக்’. “கிளிக் வராரு, இடம் விடு.” “கிளிக், பேன்ட் ஜிப்பு பூட்டியிருக்கா பாரு.” ஆகஸ்ட் கடைசியில் அவர் தூக்கத்திலேயே போகும்வரை அந்தப் பெயர்தான்.

ஹோஹெபாவுக்கு ஊரில் கிடைத்த மரியாதை முழுக்க இந்த மாதிரிக் கதைகளால் வந்தது. அவன் நாட்டின் வடகோடியில், நீண்ட கடற்கரையை ஒட்டிய ஒரு மாவோரிக் குடியிருப்பில் பிறந்தவன். மணல்மேல் வண்டி ஓட்டி மீன் பிடிக்கிற ஜனங்கள். மாமாவின் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கப் பழகி, பத்தொன்பது வயதில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு தெற்கே வந்தான். கூட்டத்தின் வேன் இந்த ஊரில் படுத்துக்கொண்டது. அவன் அதை எழுப்பிவிட்டான். கூட்டம் போய்விட்டது, அவன் தங்கிவிட்டான். இருபத்தாறு வருடம்.

முதல் ஆறு வருடம் வண்டியைக் கொண்டுவந்து விட்டவர்கள் யாரும் கிளப்பில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டதில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து தலைமுறையாக ஒருவரையொருவர் தெரிந்தவர்களுக்குப் புது ஆளிடம் என்ன பேசுவதென்று தெரியாது, அவ்வளவுதான். ஒருநாள் ஒரு பண்ணைக்காரர் டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிய கதையை அவன் நடித்துக் காட்டினான். அன்றைக்கு நாற்காலி வந்தது. சிரிக்கவைக்கிறவனை எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்பதில்லை என்று அவன் கண்டுகொண்டான். பிறகு அதையே பிழைப்பைப் போல ஒழுங்காகச் செய்தான்.

ஷோனா போனபின் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தான். கியர் சரியாக விழுந்தது. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில் எண்ணெய் சுத்தமாக இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு ஹப்பையும் பூட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றினான். பூட்டு பிடித்திருந்தால் சக்கரத்தோடு அதன் பின்னால் இருக்கும் ஷாஃப்டும் சுற்ற வேண்டும். சுற்றியது. வலது, இடது, இரண்டும். பட்டறைக்குப் பின்னால் வறண்ட ஓடையில் இறக்கிப் பார்த்தான். நான்கு சக்கரமும் கல்லைப் பறித்துக்கொண்டு ஏறின.

நான்கு மணிக்கு ஷோனா கூப்பிட்டாள். “என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் பிடிக்குது.”

“அப்ப எனக்கும் அப்பா மாதிரி ஆயிடுச்சுங்கறியா?” என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. “எனக்கு நாப்பத்தி மூணு வயசு ஹோஹெபா. நான் இறங்கினேன். பனில கை ஒட்டிக்கிச்சு. திருப்பினேன். கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“கிளிக்தான். வேற என்ன?”

அவன் போனை மற்ற கைக்கு மாற்றினான். “வண்டி ராத்திரி இங்கயே இருக்கட்டும்,” என்றான்.

போனை வைத்தபின் ஸ்டூலில் உட்கார்ந்தான். காலை ஆறு மணிக்குப் பிடிக்காதது பகலில் பிடிக்கிறது. அவளுக்குப் பிடிக்காதது இவனுக்குப் பிடிக்கிறது. நடுவில் மாறியது ஆள் மட்டுமா? சூரியனும் ஏறியிருக்கிறது. ஜூலையில் கிளைவ் வந்ததும் நண்பகலுக்குமேல்தான்.

வண்டியைப் பட்டறையின் தென்புறச் சுவரோரம், வெயிலே படாத இடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனான். எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள விடியும்வரை நேரம் இருந்தது.

காலை ஐந்தரைக்கு மைனஸ் ஆறு. கண்ணாடி முழுக்க உறைபனி பூத்திருந்தது. வலது ஹப்பைப் பூட்டிவிட்டு வந்து, மண்டியிட்டு இடது ஹப்பைத் திருப்பினான். கிளிக் என்றது, தெளிவாக. குறி ‘பூட்டு’ என்ற எழுத்துக்கு நேராக வந்து நின்றது. ஜாக்கி வைத்துத் தூக்கினான். வலது சக்கரத்தைச் சுற்றினான். பின்னால் ஷாஃப்டும் சுற்றியது. இடது சக்கரத்தைச் சுற்றினான். சக்கரம் தனியாக, லேசாக, குழந்தையின் பம்பரம் போலச் சுற்றியது. ஷாஃப்ட் அசையவே இல்லை.

ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் போதும். முன்னால் வருகிற இழுவை முழுவதும் அந்தப் பக்க ஷாஃப்டைச் சும்மா சுற்றியே கரைந்துவிடும்.

ஆறு போல்ட்டுகளையும் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே பச்சை நிற கிரீஸ், விளிம்புவரை, சந்து இல்லாமல். படகு இழுக்கிற வண்டிகளுக்குப் போடும், தண்ணீர் புகாத, கெட்டியான கிரீஸ். இந்தச் சமவெளியில் அதை வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். குளிரில் அது ஆறிப்போன ஆட்டுக்கொழுப்பு போல இறுகியிருந்தது. மெல்லிய ஸ்பிரிங் தள்ள, நகர்ந்துபோய்க் கோத்துக்கொள்ள வேண்டிய வளையம் அதற்குள் புதைந்து நின்றது. விரலால் அழுத்தினான். வரவில்லை.

ஏப்ரலில் லாக்கி வந்து சொன்னது நினைவிருந்தது. “வெள்ளத்துல சின்னப் பாலம் போச்சுப்பா. தினம் நாலு தடவ ஆத்துல இறங்கி ஏறணும். இடது பக்கம் தண்ணி புகுந்து கரகரங்குது.” இந்த ஊர்க் குளிருக்கு ஹப்பில் கிரீஸை மெல்லப் பூசினால் போதும். வந்த முதல் குளிர்காலத்திலேயே அவன் கற்றுக்கொண்டது அது. ஆனால் தண்ணீர் என்றதும் கை கடற்கரைக்குப் போய்விட்டது. அங்கே உப்பும் மணலும் நுழைய இடமே விடக்கூடாது, நிரப்பி அடைத்துவிட வேண்டும். அங்கே உறைபனி கிடையாது. “உங்களுக்காக எங்க ஊர் வைத்தியம் பண்ணியிருக்கேன் மாதுவா, இனி மீனே நீந்தி வந்தாலும் உள்ள போகாது,” என்று சொல்லி அனுப்பினான். பட்டறைக் கணப்புக்குப் பக்கத்தில் சோதித்தும் பார்த்தான். பிடித்தது. லாக்கி கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பழந்துணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துடைத்து, பெட்ரோலில் கழுவி, மெல்லப் பூசி மூடிவிட்டால் பத்து நிமிட வேலை. ‘கொஞ்சம் துரு பிடிச்சிருந்தது, சரி பண்ணிட்டேன்’ என்றால் ஷோனா நம்புவாள். ஊரும் நம்பும். துணியைக் கையில் எடுத்தும்விட்டான். சூரியன் எழுந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் கிரீஸும் இளகிவிடும், அதற்குப்பின் காட்டுவதற்கே ஒன்றும் இருக்காது.

மூடியையும் வளையத்தையும் கிரீஸோடு ஒரு தகரத் தட்டில் வைத்துக்கொண்டு, தன் வேனில் டைசார்ட் வீட்டுக்குப் போனான்.

லாக்கியின் மனைவி நோலின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, தாயில்லாத மூன்று ஆட்டுக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு புட்டி. மூன்றாவது குட்டி அவள் முழங்காலை முட்டியது.

“ஷோனா மேல போயிருக்கா. வண்டி சரியாயிடுச்சா?”

“உங்ககிட்டதான் வந்தேன்.”

“அப்ப இந்தப் புட்டியப் பிடி. இவன் என் காலத் தின்னுடுவான் போல.”

ஒரு கையில் தட்டும் ஒரு கையில் புட்டியுமாக அவன் சொன்னான். நீட்டிச் சொல்லவில்லை. ஏப்ரலில் தான் நிரப்பியது, குளிரில் இறுகுவது, வெயில் ஏறினால் இளகுவது, கிளைவ் வந்த நேரம். நோலின் குட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“உள்ள பிடிக்கலேன்னாலும் அந்தச் சத்தம் வருமா?”

“வரும்.”

“அப்ப அவரு கேட்டது நிஜம்.”

“நிஜம்.”

புட்டி காலியாகிவிட்டது. குட்டி காற்றை உறிஞ்சியது. அவள் அதைப் பிடுங்கவில்லை.

“ஆகஸ்ட்ல சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சேன்,” என்றாள். “மாவு டப்பாவுல. மறதி நோயான்னு பாக்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் கடிகாரம் வரையச் சொன்னோம். நல்லாத்தான் வரைஞ்சாரு. தேதி கேட்டாங்க, தெரியல. குட்டி போடற சமயத்துல இந்த ஊர்ல எவனுக்குத் தேதி தெரியும்? அப்ப எனக்கு அது தோணல. உன் கதை காதுல இருந்துச்சு.”

ஹோஹெபா தலையைக் குனிந்துகொண்டான்.

“தினம் சாயங்காலம் கொட்டகைக்குப் போய் அந்த ஹப்பத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. நோலின், வந்து கேளேன், சத்தம் வருது பாருன்னு கூப்புடுவாரு. குளிருதுன்னு நான் உள்ளயே இருந்துட்டேன். கடைசில கூப்புடறத விட்டுட்டாரு. ‘நான் மறந்திருப்பேன் போல, நீ சொல்றதுதான் சரி’ன்னாரு.” அவள் புட்டியைக் கீழே வைத்தாள். “அவரு நெஞ்சு அவரக் கொண்டுபோச்சு. அத உன் தலைல போட மாட்டேன். ஆனா நீ இப்ப கொண்டுவந்து இறக்கினியே, இதுல பாதி எனக்கு. தெரியுமில்ல?”

“தெரியும். அதனாலதான் வராம இருந்துடலாமான்னு பாத்தேன்.”

“வந்துட்ட.” அவள் எழுந்து, விரலால் அந்தப் பச்சைக் கிரீஸைத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள். ஏப்ரனில் துடைத்தாள். “வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போவல்ல?”

“போவேன்.”

“கிளைவ் வருவானா?”

“வருவான்.”

“என்கிட்ட சொன்னது பத்தாது,” என்றாள் நோலின்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குக் கிளப் நிறைந்திருந்தது. தட்டுகளில் சீஸ் ரோல் சுடச்சுட வந்துகொண்டிருந்தது. ஹோஹெபா பாரின் முன் எழுந்து நின்று ஒரு கிளாஸைத் தட்டியதும் நாற்காலிகள் அவன் பக்கம் திரும்பின. யாரோ, “ஆரம்பிச்சுட்டான்யா,” என்றார்கள். சிரிக்கத் தயாராக முகங்கள் விரிந்தன.

“லாக்கி ஹப்பத் திருப்பினாரு,” என்றான்.

ஒரே சிரிப்பு. கிளைவ் மேசையைத் தட்டினான். “ஆமாமா, கிளிக்னு கேட்டுச்சாம்!”

“இல்ல. நெஜமாத்தான். அவரு திருப்பினாரு. நான் உள்ள கிரீஸ அடைச்சு வெச்சிருந்தேன், அது குளிர்ல இறுகிடுச்சு. அதான் பிடிக்கல.”

இன்னும் சிரிப்பு, இப்போது கொஞ்சம் கலங்கலாக. வேடிக்கையான முடிப்பு எங்கே வரும் என்று காத்திருந்தார்கள். அவன் கதைகளில் அது கடைசியில்தான் வரும். அவன் கை எதையும் நடித்துக் காட்டவில்லை. பக்கவாட்டில் தொங்கியது.

“ஏ, நான் திருப்பினப்ப பிடிச்சுதேப்பா,” என்றான் கிளைவ், இன்னும் சிரிப்பு மிச்சமிருக்க.

“எத்தன மணிக்கு?”

“பன்னெண்டு, பன்னெண்டரை…”

“வெயில் இருந்துச்சா?”

கிளைவ் தன் கிளாஸைக் கீழே வைத்தான். பனிமேல் வெயில் கண்ணைக் கூசவைத்ததை, கறுப்புக் கண்ணாடி கொண்டுவராததற்குத் தன்னையே திட்டிக்கொண்டதை அவன்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

“நான் அவரு கையப் பிடிச்சு வெச்சு காட்டினேன்யா,” என்றான் மெல்ல. “இப்படித்தான் திருப்பணும் லாக்கின்னு. சின்னப் பையனுக்குக் காட்டற மாதிரி. அவரு பேசாம பாத்துட்டே இருந்தாரு.”

சீஸ் ரோல் தட்டை ஏந்தி வந்த பெண் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பின்வரிசையில் யாரோ, “என்ன சொல்றான்?” என்று கேட்டார்கள். அப்போதுதான் ஹோஹெபா பார்த்தான். நோலின் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றிருந்தாள், பக்கத்தில் ஷோனா. எப்போது வந்தார்களோ.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல,” என்றாள் நோலின். “இன்னொரு தடவ சொல்லு.”

அவன் குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னான்.